சோக் பிடித்தால்தான் ஜெனரேற்றர் ஓடுகிறது – எத்தனால்தான் காரணமா?

வெள்ளவத்தை மாடிவாசி:

எல்லோருக்கும் வணக்கம். 2022இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது அப்பா கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்து ஒரு சின்னப் பெற்றோல் ஜெனரேற்றர் வாங்கினார். கரண்ட் ஒழுங்கானதும் அது பல்கனி மூலைக்குப் போனது. படங்கு போட்டு மூடி வைத்திருந்தோம். போன கிழமை எடுத்து இழுத்துப் பார்த்தேன். ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் சீராக ஓடுவதில்லை. சத்தம் ஏறுகிறது, இறங்குகிறது, திரும்பவும் ஏறுகிறது. சோக்கைப் பாதி பிடித்தால் நல்ல பிள்ளையாக ஓடும். விட்டால் பழையபடி. ஃபிரிட்ஜைப் போட்டால் நின்றே போகும்.

பக்கத்துக் கராஜில் காட்டினேன். “இப்ப வாற பெற்றோலில் எத்தனால், காத்தையும் பெற்றோலையும் கலக்கிற காபரேற்றர் முழுசா மாத்தணும்” என்கிறார்கள். இது போதாதென்று சென்னையில் இருக்கும் பெரியம்மா மகன் ஈ20 (20 வீதம் எத்தனால் கலந்த பெற்றோல்) போட்டு வண்டி கெட்டது என்று நாளொரு வீடியோ அனுப்புகிறான். எங்கள் காரும் இந்தியாவில் செய்த 2015 மாடல்தான்.

கேட்க நினைப்பது: கொழும்பு பெற்றோல் ஷெட்களில் விற்பது எத்தனால் கலந்த பெற்றோலா? காருக்கு 95 போட்டால் தப்பிக்கலாமா? எங்கள் சித்தப்பா வேறு, கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றினால் ஒக்டேன் கூடும், காபரேற்றரில் பெற்றோல் வரும் சிறு துளையான ஜெட்டும் கழுவுப்படும் என்கிறார். அவர் சொல்வது சரியா?

கொட்டாஞ்சேனை பாஸ்:

தம்பி, காபரேற்றருக்குக் காசு கொடுக்காதீர்கள். உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது.

சோக் செய்வது ஒரே ஒரு வேலை, காற்றைக் குறைப்பது. காற்றைக் குறைத்தால் எஞ்சின் ஒழுங்காக ஓடுகிறது என்றால் பெற்றோல் போதாமல் போகிறது என்று அர்த்தம். அந்த ஏற்ற இறக்கச் சத்தம், எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னருடையது. வேகம் விழுந்ததும் அது த்ரொட்டிலைத் திறக்கும், கூடியதும் மூடும், பெற்றோல் தட்டுப்பாட்டில் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். ஜெட்டில் அடைப்பு. சும்மா கிடந்த ஜெனரேற்றர்களில் இதைத்தான் காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எத்தனால் என்ற சொல் இந்த ஊரில் யாருக்கும் தெரியாத காலத்திலும் இதே வருத்தம்தான், இதே வைத்தியம்தான்.

டாங்க் டெப்பைப் பூட்டுங்கள். காபரேற்றரின் அடியில் கிண்ணம் ஒன்று இருக்கும், அதில் ட்ரெயின் போல்ட் இருக்கும். ஒரு ஜாம் போத்தலைக் கீழே பிடித்துக்கொண்டு அதைக் கழற்றுங்கள். பக்கத்தில் சிகரெட், விளக்கு எதுவும் வேண்டாம். வருவது வெறும் தேத்தண்ணி நிறத்தில் இருந்து, வார்னிஷ் மணம் மூக்கில் ஏறினால் பெற்றோல் செத்துவிட்டது. போத்தலை மெல்லச் சரித்துப் பாருங்கள். அடியில் தனியாக உருண்டு ஓடும் துளிகள் தண்ணீர். பிறகு கிண்ணத்தைக் கழற்றினால் உள்ளே வெள்ளைத் தூள் படிந்திருக்கும், அது தண்ணீர் அலுமினியத்தைத் தின்ற அடையாளம். நடுவில் நிற்கும் பித்தளை ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். ஓட்டை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் காபரேற்றர் கிளீனர் அடித்து, தங்கூசியை (மெல்லிய நைலோன் தூண்டில் நூல்) விட்டு எடுங்கள். இரும்புக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை ஒரு மயிரளவு பெருத்தாலும் பிறகு கரும்புகை தள்ளும்.

இனி எத்தனால் கதை. இந்தியா, பிரேசில் மாதிரி கலந்துதான் விற்க வேண்டும் என்ற கட்டாயத் திட்டம் இலங்கையில் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஷெட்டில் எழுதியிருக்கும் 92, 95 இரண்டும் ஒக்டேன் எண்கள்தான், அதாவது அழுத்தத்தில் பெற்றோல் தானாக வெடிக்காமல் நிற்கும் அளவு. அவற்றுக்கும் எத்தனால் அளவுக்கும் சம்பந்தமில்லை. ஆகவே 95 போட்டு எதிலிருந்தும் தப்ப முடியாது. 92க்குச் செய்த எஞ்சினுக்கு 95 ஊற்றுவது ஷெட்காரனுக்குத்தான் சந்தோஷம்.

பெல்வத்தை, செவனகலை சீனி ஆலைகளில் கரும்புப் பாணியிலிருந்து எத்தனால் காய்ச்சத்தான் செய்கிறார்கள். ஆனால் அது சாராயக் கம்பனிகளுக்குப் போகிற சரக்கு. நம் நாட்டில் எத்தனால் காருக்கு வருமுன் போத்தலுக்குப் போய்விடும்.

யார் சொல்வதையும் நம்ப வேண்டாம் என்றால் நீங்களே சோதிக்கலாம். ஒடுங்கிய உயரமான கண்ணாடிக் குழாய் ஒன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் கோடு போடுங்கள். மேலே ஒன்பது பங்கு பெற்றோல் விட்டு, மூடிக் குலுக்கி, மூடியைத் திறந்து ஆவியை விட்டபின் கொஞ்சநேரம் வையுங்கள். எத்தனால் இருந்தால் அது பெற்றோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும், அடியிலிருக்கும் மட்டம் கோட்டைத் தாண்டி ஏறும். ஈ10 என்றால் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். ஏறாவிட்டால் எத்தனால் இல்லை. வெளியில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

சித்தப்பாவிடம் ஸ்பிரிட் போத்தலை வாங்கி ஒளித்து வையுங்கள். ஸ்பிரிட்டும் பெரும்பாலும் எத்தனால்தான், எத்தனாலின் ஒக்டேன் 108 அளவில் இருப்பதும் உண்மைதான். ஆனால் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் நூற்றுக்குக் குறைந்தது நாலைந்து பங்கு தண்ணீர். சாதாரணமாகக் காய்ச்சி வடித்தால் 95, 96 வீதத்துக்கு மேல் போகவே போகாது. எரிபொருளுக்கென்று எடுப்பதைத் தனி முறையில் தண்ணீர் நீக்கி 99.5 வீதத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் கலக்கிறார்கள். இவர் ஊற்றப்போவது பாதி மருந்து, பாதி நோய்.

அடையாறு ரமணி:

அந்த வீடியோ அனுப்பும் கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதால் எழுதுகிறேன். எங்களுக்கு இது வேறு கதை. பெட்ரோலில் எத்தனால் கலப்பதில் இந்தியா 2022 ஜூனில் 10 சதவீதத்தைத் தொட்டது. 2030க்கு வைத்திருந்த 20 சதவீத இலக்கை முன்னுக்கு இழுத்து, 2025இல் பெட்ரோல் பங்குகளில் ஈ20தான் சாதாரண பெட்ரோல் என்றாகிவிட்டது. கலக்காத பெட்ரோலும் விற்க வேண்டும் என்று போட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது.

என் கார் 2014இல் வாங்கியது. மைலேஜ் இறங்கியிருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பாதியாகக் குறைந்தது என்று சொல்பவர்கள் டயர் காற்றையும் ஏர் ஃபில்டரையும் பார்க்கட்டும். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான். கணக்குப் போட்டால் ஈ20இல் ஏழு சதவீதம் வரை இழப்பு. இந்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையும் பழைய கார்களுக்கு 6, 7 சதவீதம் என்றுதான் சொன்னது. இழப்பு உண்டு என்று தெரிந்துகொண்டே விலையைக் குறைக்காமல் விற்கிறார்களே, என் கோபம் அங்கேதான்.

2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ரப்பர், சீல் எல்லாம் ஈ20க்கு ஏற்றபடி போட்டுத் தருகிறார்கள். முந்தையவற்றில் உடனே எதுவும் வெடித்துவிடாது. ஹோஸையும் கேஸ்கெட்டையும் சர்வீஸின்போது பார்க்கச் சொன்னால் போதும்.

பஞ்சிகாவத்தை நானா:

பாஸ் சொன்னதற்கு மேல் ஒன்று. என் உதிரிப்பாகக் கடைக்கு வருபவர்கள் ஒடிந்த பெற்றோல் பைப்பைக் கொண்டுவந்து எத்தனால் தின்றுவிட்டது என்கிறார்கள். கையில் வாங்கி வளைத்தால் தெரியும். வெயிலில் காய்ந்த பைப் வெளியே வெடிக்கும், உள்ளே நன்றாக இருக்கும். எத்தனால் பட்டது உள்ளிருந்து ஊதி, பிசுபிசுத்து, விரலில் கறுப்பு ஒட்டும். எனக்கு வருவது எல்லாம் வெயிலில் காய்ந்தவைதான். பாதி பேர் போடுவது மீன்தொட்டிக் குழாய், அது எந்த எண்ணெய்க்கும் தாங்காது. நாளைக்கு நம் நாட்டிலும் கலந்து விற்றால் என்ன செய்வது என்று பயப்படுபவர்கள், மாற்றும்போதே விட்டன் ரப்பர் ஓரிங், எரிபொருளுக்கென்று எழுதிய ஹோஸ் கேட்டு வாங்குங்கள். விலை கூட, ஆனால் மறுபடி கேட்டு வரமாட்டீர்கள்.

வெள்ளவத்தை மாடிவாசி:

பாஸ் ஐயா, மிகவும் நன்றி. இன்று காலை கழற்றிப் பார்த்தேன். போத்தலில் வந்தது நீங்கள் சொன்ன அதே நிறம். அடியில் தண்ணீரும் இருந்தது. ஜெட்டை வெளிச்சத்துக்குப் பிடித்தால் அரை நிலவு அளவுக்குத்தான் தெரிந்தது. தங்கூசி விட்டு எடுத்துப் பூட்டினேன், சோக் இல்லாமல் ஓடுகிறது! ஷெட்டிலிருந்து புதிதாக வாங்கி வந்த 92இல் குழாய்ச் சோதனையும் செய்தேன், கோடு அசையவே இல்லை.

இரண்டு சந்தேகம். மூடி இறுக்கமாக இருந்தும் தண்ணீர் எப்படி வந்தது? அப்புறம், கலப்பு இங்கே வந்தால் இந்த ஜெனரேற்றர் தாங்குமா?

கொட்டாஞ்சேனை பாஸ்:

நல்லது தம்பி. ஆனால் அதைப் பல்கனியில் வைத்து ஓட்டினீர்கள் என்றால் உடனே நிறுத்துங்கள். புகையில் வரும் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை, கதவு இடுக்கால் அறைக்குள் போகும். கீழே முற்றத்தில் வைத்து ஓட்டுங்கள்.

டாங்க் மூடியில் காற்றுத் துளை உண்டு. பகலில் சூடேறி ஆவி வெளியே போகும், இரவில் குளிர்ந்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அரை டாங்க் என்றால் மீதி இடமெல்லாம் கடற்காற்று. அந்த ஈரம்தான் உள்ளே தண்ணீராகிறது, உப்பும் சேர்ந்து வருவதால் டாங்கின் மேல்பாதி துருப்பிடிக்கும். டோர்ச் அடித்துப் பாருங்கள்.

கலப்பு வந்தால் சங்கதி கொஞ்சம் மாறும். வெறும் பெற்றோலில் தண்ணீர் உடனே அடியில் தனியாக நிற்கும். எத்தனால் இருந்தால் அந்தத் தண்ணீரைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். கொஞ்சம் என்றால் எஞ்சின் எரித்துத் தள்ளிவிடும், அதுவரை நல்லதுதான். ஆனால் ஈ10 ஒரு லீற்றர் தாங்குவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டித் தண்ணீர். அதைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு ஒரேயடியாகக் கீழே இறங்கும், மேலே நிற்பது ஒக்டேன் குறைந்த பெற்றோல். 2016 வெள்ளத்தில் கொழும்பை ஒட்டிய கொலன்னாவை தண்ணீருக்குள் கிடந்ததைப் பார்த்தவன் நான். நிலத்தடி டாங்குகள் உள்ள ஷெட்களுக்குள் வெள்ளம் வருகிற ஊரில் கலப்புப் பெற்றோல் விற்பதென்றால் முதலில் அந்த டாங்குகளைப் பற்றித்தான் கதைக்க வேண்டும். காரைப் பற்றி யோசிப்பது அப்புறம்.

உங்கள் கார் இன்ஜெக்‌ஷன். புகைக்குழாயில் இருக்கும் ஒக்சிஜன் சென்சர் பார்த்துப் பெற்றோலைக் கூட்டிக்கொள்ளும். ஜெனரேற்றரின் ஜெட்டுக்குக் கண் கிடையாது. வெறும் பெற்றோல் எரிய எடையில் 14.7 மடங்கு காற்று வேண்டும், ஈ20க்கு 13.5 போதும். துளை அதே துளை என்பதால் காற்று மிஞ்சி, கலவை வறண்டு எஞ்சின் சூடாகும். அதனால்தான் அமெரிக்காவில் 2001 மாடல் முதலான கார்களுக்கு ஈ15 அனுமதித்தவர்கள், மோட்டார் சைக்கிளுக்கும் புல்வெட்டும் மெசினுக்கும் கூடாது என்று பம்பிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஈ10 வரை இந்தச் சின்ன எஞ்சின்கள் தாக்குப்பிடிக்கும். மெனுவலில் எத்தனால் எத்தனை வீதம் என்று போட்டிருப்பார்கள், பாருங்கள்.

இனி நிறுத்தும்போது சுவிச்சை அமத்தாமல் டெப்பைப் பூட்டி, கிண்ணம் காய்ந்து தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். இரண்டு மூன்று மாதம் தொடமாட்டீர்கள் என்றால் டாங்கையும் வெறுமையாக்கி, பெற்றோலைக் காரில் ஊற்றுங்கள். வெறும் டாங்கின் உள்சுவரில் கொஞ்சம் எஞ்சின் ஒயில் பட விட்டால் துரு அண்டாது.

நாவலத் தோட்டக்காரர்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது டூ ஸ்ட்ரோக் புல்வெட்டி, ஒயில் கலந்த பெற்றோல் கானில் நாள்கணக்காகக் கிடக்கும். அதற்கும் இந்தக் கணக்குத்தானா?

கொட்டாஞ்சேனை பாஸ்:

அதற்கு இன்னும் கண்டிப்பு வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் ஒயில் போய்ச்சேருவது பெற்றோல் வழியாக மட்டும்தான். எத்தனால் தண்ணீரோடு பிரிந்து அடியில் நின்றால் அந்த அடிச்சரக்கில் ஒயில் இருக்காது, உறிஞ்சும் குழாயோ அடியில்தான் கிடக்கிறது. பிஸ்டன் காய்ந்து பிடித்துக்கொள்ளும். இப்போதைய பெற்றோலில் எத்தனால் இல்லாவிட்டாலும் கானின் அடியில் தண்ணீர் நின்றால் அதையும் அந்தக் குழாய் இழுக்கத்தான் செய்யும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலந்து, உள்ளே இருப்பது தெரிகிற வெள்ளைக் கானில் வையுங்கள், அடியில் என்ன நிற்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும். காபரேற்றருக்குள் இருக்கும் டயஃப்ரம் (மெல்லிய ரப்பர்த் தகடு) விறைத்திருந்தால் நானாவிடம் பழையதைக் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். மொடல் நம்பர் மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாமல் போகலாம்.