மார்ச்சில் குழம்பிய வகுப்பு நேரம்: உதவுங்கள்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு சிக்கல்.

பாளையங்கோட்டையிலிருந்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் எங்கள் மதினிக்காகப் பைத்தான் நிரல்மொழியில் ஒரு முன்பதிவுச் செயலி எழுதினேன். நியூஜெர்சிப் பிள்ளைகளுக்கு நேர மண்டலத்தின் பெயரைப் போடாமல், யூடிசி (உலகப் பொது நேரம்) -5 என்று, அதிலிருந்து எத்தனை மணி நேர வித்தியாசம் என்ற எண்ணை மட்டும் சேமித்துவிட்டேன். வருடம் முழுக்க +5:30-லேயே கிடக்கும் ஊர்க்காரன் புத்தி!

குளிர்காலம் முழுக்க ஒழுங்காக ஓடியது. மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ள, வித்தியாசம் -4 ஆகிவிட்டது. பிள்ளைகள் வழக்கம்போல அவர்கள் ஊர் மாலை 7 மணிக்கு வந்துவிட்டார்கள். நமக்கு அப்போது விடிகாலை நாலரை. செயலியை நம்பிய மதினி ஐந்தரைக்குத்தான் வந்தார்கள். அப்புறம் எனக்குக் கிடைத்ததை எழுத வேண்டாம்.

இனி ‘அமெரிக்கா/நியூயார்க்’ என்று மண்டலப் பெயரையே வைக்கப்போகிறேன். ஆனால் பழைய பதிவுகளில் -5 மட்டும்தான் இருக்கிறது. ஜனவரியில் -5 என்றால் நியூயார்க்காகவும் இருக்கலாம், பெருவின் லிமாவாகவும் இருக்கலாம். ஜூலையில் என்றால் சிகாகோவாகவோ லிமாவாகவோ இருக்கலாம். பெற்றோரிடம் ஊரைக் கேட்பதைத் தவிர வேறு வழி உண்டா?

இன்னொன்று: வரப்போகும் வகுப்புகளை யூடிசியாக மாற்றிச் சேமிக்கவா, அல்லது உள்ளூர் நேரத்தையும் மண்டலப் பெயரையும் தனித்தனியாக வைக்கவா? போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் நேரத்தைச் சேமிக்கும் ‘டைம்ஸ்டாம்ப்டீஇசட்’ வகை மண்டலப் பெயரை வைத்துக்கொள்வதில்லை.

லண்டன் பிள்ளைகளுக்கு மார்ச் கடைசி ஞாயிறு நேரம் மாறும். அதற்குள் சரிசெய்தாக வேண்டும்.