கஷ்டத்தை ஆங்கிலத்தில் சொல்லப் போய்… உங்களுக்கு நடந்தது என்ன?

சிவப்புமை:
விண்ணப்பக் கடிதத்தில், கஷ்டத்தைச் சமாளித்ததைச் சொல்ல ‘கோப் வித்’ என்று சரியாகத்தான் எழுதியிருந்தேன். பார்த்துக் கொடுக்கிறேன் என்று வாங்கிய சீனியர், நடுவில் அம்புக்குறி போட்டுச் சிவப்பு மையில் ‘அப்’ சேர்த்தார். ஈடுகொடுப்பதைச் சொல்லும் ‘கீப் அப் வித்’தோடு குழப்பிக்கொண்டார் போல. சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அவர் கையெழுத்து எனக்கு வேண்டுமே! கடிதம் அந்த ‘அப்’போடுதான் போனது.

மூன்றாவதுநாற்காலி:
நான் நேர்காணல் எடுக்கும் பக்கம். எதிரே இருந்த பெண், அப்பா படுத்த படுக்கையான பிறகு பகலில் வேலை, இரவில் படிப்பு என்று தேறி வந்தவர். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ‘ஐ வொர்க்ட் ஹார்ட்லி’ என்றார். ‘ஹார்ட்லி’ என்றால் வேலையே பார்க்காத மாதிரி அல்லவா காதில் விழும்? பக்கத்தில் இருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். எதற்கென்று புரியாமல் அந்தப் பெண்ணும் மரியாதைக்குச் சிரித்தார். ‘ஹார்ட்’ என்பதோடு நிறுத்தியிருந்தால் போதும். வேலை கிடைத்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

கமாபோடு:
சிவப்புமை, ‘கோப் அப்’ இந்திய ஆங்கிலத்தில் சகஜம். இதற்கெல்லாமா மனசு ஆறாமல் இருப்பீர்கள்? என் தம்பி ‘ஐ வாஸ் ஸ்ட்ரகிள்ட்’ என்று எழுதிவிட்டு நன்றாகத்தான் இருக்கிறான். ஆனாலும் சொல்கிறேன்: அந்த ‘வாஸ்’ வேண்டாம், ‘ஐ ஸ்ட்ரகிள்ட்’ போதும். ‘ஸ்ட்ரகிள்ட் டு ஃபைண்ட் எ ஜாப்’ சரி. ‘டிஃபிகல்ட்டி’ என்றால் அந்த ‘டு’ போகட்டும், ‘ஹேட் டிஃபிகல்ட்டி ஃபைண்டிங் எ ஜாப்’. ‘ஐ ஃபேஸ்ட் மெனி ப்ராப்ளம்ஸ்’ என்னும்போது நடுவே ‘வித்’ வராது. ‘ஐ வாஸ் ஃபேஸ்ட் வித்’ என்றால் வரும். ‘ஓவர்கம்’முக்கு ‘ஃப்ரம்’ ஒட்டாதீர்கள். அப்புறம் ‘சஃபர்’…

பாதிச்சம்பளம்:
போதும் ஐயா, இங்கே யாரும் டியூஷன் கேட்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் சம்பளம் நின்றுபோனதை எழுதிக் கொடுத்தேன். மனிதவள அதிகாரி என் கண் முன்னாலேயே ‘ப்ராப்ளம்’ என்று இருந்த இடத்தை எல்லாம் அடித்து ‘சேலஞ்ச்’ ஆக்கினார். கேட்டால், அதுதான் பாசிட்டிவாக இருக்குமாம். சேலஞ்ச் என்றால் நாம் எழுந்து நின்று ஜெயிக்க வேண்டியது. சம்பளம் போடாததை நான் எப்படி ஜெயிப்பது? திரும்ப ‘ஃபைனான்ஷியல் ஹார்ட்ஷிப்’, அதாவது பணக் கஷ்டம் என்று எழுதிக் கொடுத்தேன். வட்டி கட்டுகிறவனுக்கு அதுதான் பொருந்தும்.

சிவப்புமை:
அது சரி, சம்பளம் வந்ததா?

பாதிச்சம்பளம்:
பெயரைப் பார்த்தாலே தெரியவில்லையா? மீதிக்கு ‘டிலே’ என்று மெயில் வந்திருக்கிறது.