எல்லாவற்றுக்கும் 'வறட்சி' என்று எழுதினால் போதுமா?

படிவக்காரர்:

மருத்துவப் படிவங்களைத் தமிழில் எழுதிக் கொடுப்பது என் வேலை. போன வாரம் வந்த படிவத்தில் ஐந்து கேள்விகள்: கண், வாய், மூக்கு, தோல், அப்புறம் பெண்களுக்கு மட்டும் பிறப்புறுப்பு. ஐந்திலும் 'ட்ரை' (dry) என்ற ஒரே சொல்தான் ஆங்கில மூலத்தில் இருக்கிறது. நானும் ஐந்துக்கும் 'வறட்சி' என்றே போட்டேன். கண் வறட்சி, வாய் வறட்சி, இப்படியே. கூட வேலை பார்க்கும் அம்மா ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றுக்கும் மக்கள் வாயில் என்ன வருகிறதோ அதைப் போடு என்கிறார்.

என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரே சொல் இருந்தால்தான் மதுரையில் நிரப்பியதையும் வேலூரில் நிரப்பியதையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். பேச்சுச்சொல் ஊருக்கு ஊர் மாறும், வீட்டுக்கு வீடுகூட மாறும். நா வறட்சி, வறட்டு இருமல் எல்லாம் பாட்டி காலத்திலிருந்து இருக்கிற சொற்கள். அதையே கண்ணுக்கும் தோலுக்கும் நீட்டினால் என்ன குறைந்துவிடும்? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கண்மாய்க்கரை:

தப்பு என்று நேராகவே சொல்கிறேன் சார். நான் ராமநாதபுரம் பக்கம். எங்களுக்கு வறட்சி என்பது ஒரு வருஷத்தின் பெயர். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க வறட்சி என்று அரசே அறிவித்தது. கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, நெல் சாவியாகப் போனது. வறுமையும் அதே வேரில் பிறந்த சொல்தான். அவ்வளவு பாரமுள்ள சொல்லை, கணினி பார்த்துக் கண் உறுத்துகிற பிள்ளையிடம் கொண்டுபோய் நீட்டுகிறீர்கள்.

எங்கள் வீட்டில் குண்டு மிளகாய் போடுகிறோம். 2023-இல் முண்டு மிளகாய் என்று புவிசார் குறியீடு வாங்கியதே, அதுதான். பறித்த பழத்தைக் களத்தில் பரப்பிப் போடுவோம். பனி இறங்குவதற்கு முன்னால் தார்ப்பாய் போட்டு மூடி, காலையில் திரும்ப விரிப்போம். முதல் இரண்டு நாள் 'வாடுது' என்போம். தோல் லேசாகச் சுருங்கும், பளபளப்பு அப்படியே இருக்கும். அப்புறம் 'காயுது'. ஒரு பழத்தைக் காதோரம் வைத்து ஆட்டும்போது உள்ளே விதை கலகலவென்று உருண்டால் 'காஞ்சிருச்சு'. அதற்குப் பிறகு அதற்கு மிளகாய் என்ற பேரே கிடையாது, வத்தல். வாடினதையே காய்ந்தது என்று நினைத்து மூட்டை கட்டினால் உள்ளே பூஞ்சணம் பிடித்துவிடும். வியாபாரி மூட்டைக்குள் கையை விட்டதுமே கண்டுபிடித்துவிடுவார், விலையும் இறங்கிவிடும். சொல்லை மாற்றிச் சொன்னால் எங்களுக்குக் காசு நஷ்டம்.

மிளகாய் வறண்டது என்று எங்கள் அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. மண்ணும் தொண்டையும் வறளும். கிணறும் பசுவின் மடியும் வற்றும். மரம் பட்டுப்போகும். காய்கிற மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். பட்ட மரத்தை வெட்டத்தான் வேண்டும். இவ்வளவையும் ஒரே சொல்லில் அடைத்தால் வைத்தியருக்கு என்ன விளங்கும்?

வார்டு அக்கா:

நான் திருச்சிப் பக்கம் செவிலி, 19 வருஷ அனுபவம். இந்த மாதிரிப் படிவங்களைப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டி நிரப்புவது நாங்கள்தான்.

வாய்க் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 'வாய் வறட்சி உண்டா' என்று கேட்டால் பாதிப் பேர் தாகத்தை நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறார்கள். சர்க்கரை ஏறிப்போனவர், "தண்ணி தவிக்குதும்மா, சொம்பு சொம்பா குடிக்கிறேன்" என்பார். எச்சில் ஊறாதவர் சொல்வது வேறு. "நாக்கு மேல ஒட்டுது, சோறு இறங்க மாட்டேங்குது." இந்த இரண்டாவது ஆள் எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் இரண்டு நிமிடத்தில் வாய் பழையபடி ஆகிவிடும்.

ஒரு பெரியவர் வந்தார். அரிப்புக்கு ரொம்ப நாளாக மாத்திரை சாப்பிடுகிறவர். படிவத்தில் வாய் வறட்சி 'இல்லை' என்று போட்டிருந்தார். காலையில் அவர் இட்லி சாப்பிடுவதைப் பார்த்தேன். ஒவ்வொரு விள்ளலையும் டம்ளர் தண்ணீரில் முக்கி முக்கித்தான் வாயில் வைத்தார். வாயைத் திறக்கச் சொன்னால், ஈறோரத்தில் வரிசையாகச் சொத்தை. எச்சில் இல்லாத வாயில் பல் அப்படித்தான் போகும். "ஏன் ஐயா இல்லைன்னு போட்டீங்க?" என்றதற்கு, "நான்தான் நிறைய தண்ணி குடிக்கிறேனே, எனக்கு ஏன் வறட்சி வரப்போகுது" என்றார். எச்சிலைக் குறைத்தது அந்த அரிப்பு மாத்திரைதான். டாக்டரிடம் சொன்னேன், அதை மாற்றினார்கள். படிவத்தை மட்டும் நம்பியிருந்தால் அவரை அப்படியே அனுப்பியிருப்போம்.

படிவக்காரர்:

அக்கா சொன்னதை மறுக்க முடியவில்லை. ஆனால் அந்தப் பெரியவர் விஷயத்தில் தவறு சொல்லிலா, கேள்வியிலா? 'வாய் காய்கிறதா' என்று கேட்டிருந்தாலும் அவர் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

கண்மாய்க்கரை தம்பிக்கு: மிளகாய்க்கு நான்கு சொல் வேண்டும், ஏனென்றால் அங்கே நான்கு நிலை இருக்கிறது. என் படிவத்தில் கேட்பது உண்டா, இல்லையா, எவ்வளவு நாளாக என்பது மட்டும்தான். இன்னொன்றையும் பாருங்கள். நீங்கள் வத்தல் என்றால் உங்கள் ஊரில் மிளகாய்தான். சென்னையில் வத்தல் என்றால் சுண்டைக்காயோ மணத்தக்காளியோ நினைவுக்கு வரும். ஊர்ச்சொல்லை நம்பிப் படிவம் எழுதினால் மாவட்டத்துக்கு ஒன்று அச்சடிக்க வேண்டியதுதான்.

பனங்கூடல்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பள்ளிப் புத்தகங்களில் இலங்கையை ஈர வலயம், உலர் வலயம் என்று பிரித்துத்தான் படித்தோம். ஆண்டுக்கு 1,750 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெய்கிற இடம் உலர் வலயம். தமிழ்நாட்டின் சராசரியே 1,000 மில்லிமீட்டரைத் தொடாது. அதாவது எங்கள் உலர் வலயத்தின் பெரும்பகுதியில் உங்கள் ஊர்களைவிட அதிக மழை. அந்த உலர் வலயத்திலேயே மழை தவறிய ஆண்டில் மட்டும்தான் வரட்சி என்போம். (இங்கே பலர் இடையின ரகரம் போட்டுத்தான் எழுதுவார்கள், திருத்த வேண்டாம்.) உலர் என்பது ஒன்றின் இயல்பு. வறட்சி அதற்கு வந்த கேடு.

ஆகவே படிவக்காரர் ஐயாவுக்கு ஒரே சொல்தான் வேண்டுமென்றால் 'உலர்வு' என்று போடலாமே. கண் உலர்வு, தோல் உலர்வு. பயமும் வராது, பொருளும் கெடாது.

கண்மாய்க்கரை:

அண்ணா, வலய விளக்கம் எனக்குப் புதுசு, நன்றி. ஆனால் எங்கள் பக்கம் உலர்வு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்லை. உலர்திராட்சை என்று டப்பாவில் எழுதியிருக்கும், கடையில் 'கிஸ்மிஸ்' என்றுதான் கேட்போம். படிவம் வாசிக்கிற ஆளுக்குத் தன் உடம்பு அதில் தெரிய வேண்டும்.

காயுது என்ற சொல்லை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுப்பில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு போடுகிறோம். எண்ணெய் உலர்ந்தா போனது? அங்கே காய்தல் என்றால் சூடேறுதல். காய்ச்சல் அதிலிருந்துதான் வந்தது, குளிர்காய்வதும் அதில்தான். நிலாகூடக் காயும். சூடு முதலில், ஈரம் போவது அதன் பின்னால். அதனால்தான் ஒருத்தர் 'கண்ணு காயுது' என்று சொன்னால் ஈரம் குறைந்ததோடு எரிச்சலையும் சேர்த்துச் சொல்கிறார். இரண்டு சேதி ஒரே சொல்லில் வந்துவிடுகிறது. உலர்வு என்று போட்டால் எரிச்சல் காணாமல் போய்விடும். காஞ்ச வயிறு, காஞ்ச கை என்று பசிக்கும் காசில்லாததற்கும்கூட அதைத்தான் சொல்கிறோம்.

பெயர் வேண்டாம்:

இவ்வளவு நேரம் எல்லோரும் ஐந்தாவது கேள்வியைத் தொடாமல் சுற்றிப் போகிறீர்கள். அதனால் நான் எழுதுகிறேன்.

எனக்கு 52 வயது. மாதவிடாய் நின்று மூன்று வருஷம். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் அந்த இடத்தில் ஈரப்பசை போய்விடும், உட்கார்ந்தால்கூட எரியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அம்மாவும் சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தேன். கடைசியில் டாக்டரம்மாவிடம் சொன்னபோது என் வாயில் வந்தது, "ட்ரையா இருக்கு டாக்டர்." அவ்வளவுதான். அதைத் தமிழில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தடவ ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார், ஒரு மாதத்தில் தேவலை.

நீங்கள் வறட்சியா, உலர்வா, காய்தலா என்று பேசுகிறீர்கள். இந்த மூன்றில் எதைப் போட்டாலும் நான் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருப்பேன். 'ட்ரை' என்று தமிழ் எழுத்தில் போட்டிருந்தால் டிக் அடித்திருப்பேன். எனக்கு அந்தச் சொல் ஒரு திரை மாதிரி உதவியது. அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வார்டு அக்கா:

எழுதியதற்கு நன்றி அக்கா. நீங்கள் சொன்னது நிஜம். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். எங்களிடம் கிராமத்திலிருந்து வருகிற அம்மாக்களுக்கு 'ட்ரை' என்றால் தெரியாது. அவர்கள் 'உரசுது', 'எரியுது', 'பசையே இல்ல' என்று சொல்வார்கள். அதுவும் கூட வந்த மருமகளை வெளியே அனுப்பிய பிறகுதான். எந்தச் சொல்லைப் போட்டாலும் நாலு பேர் நடுவில் உட்கார்ந்து இந்தக் கட்டத்தை நிரப்பச் சொன்னால் பதில் வராது.

கீழவாசல்:

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஷோக்ரென் நோய். 1933-இல் ஹென்ரிக் ஷோக்ரென் என்ற சுவீடன் கண் மருத்துவர் விரிவாக எழுதியதால் அந்தப் பெயர். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்குகிற நோய். வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள்.

கண்ணீர் வற்றிப் போச்சு என்று நம் ஊரில் எப்போது சொல்வார்கள்? அழுது அழுது மாளாதவர்களைப் பற்றி. எனக்கு அது நிஜமாகவே வற்றியது. அப்பா இறந்த அன்று கூடத்தில் கிடத்தியிருக்கிறார்கள். என் தொண்டை அடைக்கிறது, நெஞ்சு விம்முகிறது, கண்ணில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. மணல் போட்டுத் தேய்த்த மாதிரி உறுத்தல். பெரியத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பெத்த அப்பனுக்குக் கண்ணுல ஈரம் இல்லாத பொண்ணு" என்றார். தமிழில் ஈரம் என்றால் அன்பும் அதுதானே. பதில் பேசாமல் இருந்தேன். எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது.

அதற்குப் பிறகு எட்டு மாதம் கழித்துத்தான் ஒரு கண் மருத்துவர், கீழ் இமைக்குள் சின்னத் தாள் கீற்று ஒன்றைச் செருகி ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்காரச் சொன்னார். எடுத்துப் பார்த்தால் 2 மில்லிமீட்டர் நனைந்திருந்தது. 10-க்கு மேல் இருக்க வேண்டுமாம். அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அத்தையிடம் காட்ட வேண்டும் போல இருந்தது.

படிவக்காரர் ஐயா, நீங்கள் 'கண் வறட்சி' என்று எழுதினால் எனக்கு எட்டாது. 'கண்ணில் ஈரமில்லையா' என்று எழுதினால் மனசு நோகும். 'அழும்போது கண்ணீர் வருகிறதா' என்று கேளுங்கள். அதை யாராவது என்னிடம் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

படிவக்காரர்:

நேற்று இரவு உட்கார்ந்து திருத்தினேன். கண்ணுக்கு: 'கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்துகிறதா? அழும்போது கண்ணீர் வருகிறதா?' வாய்க்கு: 'தண்ணீர் குடிக்காமல் சோறோ இட்லியோ விழுங்க முடிகிறதா?' தோலுக்கும் மூக்குக்கும் 'காய்ந்து வெடிக்கிறதா' என்று போட்டேன், அவற்றில் சிக்கல் இல்லை. ஐந்தாவதற்கு 'உரசல், எரிச்சல், ட்ரையாக இருப்பது' என்று மூன்றையும் எழுதி, தனித்தாளாகப் பிரித்து, செவிலியிடம் தனியாகக் கொடுக்கலாம் என்று குறிப்புப் போட்டிருக்கிறேன்.

தலைப்பில் மட்டும் 'வறட்சி தொடர்பான கேள்விகள்' என்று வைத்திருக்கிறேன். அது மருத்துவருக்கான வரி. அதை மாற்ற எனக்கு இன்னும் மனமில்லை.

கண்மாய்க்கரை:

கேள்விகள் அருமை சார். தலைப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. மருத்துவர் பார்க்கிற தாளும் நோயாளி கையில்தானே முதலில் போகிறது.

வார்டு அக்கா:

திங்கட்கிழமை எனக்குப் பகல் டூட்டி. வரிகளை அப்படியே தாளில் எழுதிக்கொண்டேன். வார்டில் இருக்கிற ஏழு அம்மாக்களிடமும் ஒவ்வொருவராக வாசித்துக் காட்டி, எந்த வரியில் நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்று வந்து சொல்கிறேன். தலைப்பை மூடி வைத்துக்கொண்டுதான் வாசிப்பேன்.