புதுப்பிப்பு: 4294967297 பகு எண்தான்

4294967297, அதாவது 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1, பகா எண்ணா என்று கேட்டு, 3, 7, 11 என வரிசையாக வகுத்துச் சோர்ந்துபோனதாக எழுதியிருந்தேன். உதவிய எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

கைகொடுத்தது, இதன் பகாக் காரணிகள் எல்லாமே 128-இன் மடங்கோடு 1 கூட்டிய வடிவில்தான் இருக்கும் என்ற யோசனை. அப்படிப் பார்த்தால் 129, 385, 513 பகா எண்களே இல்லை. 257 தானே ஒரு ஃபெர்மா எண் (2-இன் அடுக்காக 1, 2, 4, 8 என இரட்டித்துக்கொண்டே போகும் எண்ணை வைத்து, 1 கூட்டினால் கிடைப்பது; 4294967297-உம் அப்படித்தான்), ஃபெர்மா எண்கள் இரண்டுக்குப் பொதுக் காரணி கிடையாது, அதனால் அதுவும் போச்சு. அடுத்தது 641. வகுத்தேன், மீதி 0, ஈவு 6700417!

1732-இல் கணிதவியலாளர் ஆய்லர் கண்டதும் இதே 641தான். எதிர்பாராதது என்னவென்றால், 6700417 பகா எண் என்று உறுதிசெய்ய, அதன் வர்க்கமூலத்துக்குள் அதே வடிவில் வரும், 257 நீங்கலான பகா எண்களான 641, 769, 1153, 1409 ஆகிய நான்கால் வகுத்துப் பார்த்ததே போதுமாக இருந்தது.