நெட்டை அண்ணனின் சொந்தப் பெயர் யாருக்காவது தெரியுமா?

திருவையாறு பக்கம் அறுவடை மெஷின் ஓட்டும் நெட்டை அண்ணனைத் தெரிந்தவர்கள் உதவுங்கள். பைக்கில் போகும்போது அடிபட்டு, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடக்கிறார். பர்ஸும் போனும் கிடைக்கவில்லை. எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அவர் நெட்டைதான், ஆனால் முதலமைச்சர் காப்பீட்டுக்குக் குடும்ப அட்டையில் இருக்கிற பெயர் வேண்டும், அது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. காதருகே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று நர்ஸ் சொன்னபோது, அந்த நிலையில் அவரை நெட்டை என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம் என்பார். அங்கே அவர் வீட்டாருக்கும் தகவல் போக வேண்டும். கூலியை வங்கிக் கணக்கிலோ ஜிபேயிலோ அனுப்பிய மெஷின்காரர்கள் யாராவது இருந்தால் பழைய கணக்கைப் பாருங்கள், அதில் பெயர் இருக்கும். இங்கே பொதுவில் போடாமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள், ராத்திரி எந்நேரமானாலும் சரி.