யாரிடமாவது பல்லாங்குழிப் பலகை இருக்கிறதா?

அக்காமார், அண்ணாமார், ஓர் உதவி வேண்டும். நான் கனடாவின் ஒன்ராறியோவில் தெரப்யூட்டிக் ரெக்ரியேஷன் (விளையாட்டு, பொழுதுபோக்கு வழியாக நோயாளிகளுக்கு உதவும் துறை) படிக்கிறேன், இப்போது அறிமுகப் பயிற்சிக்காக ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில், மறதி நோய் உள்ளவர்களின் பிரிவில் வாரம் 2 நாள் நிற்கிறேன். சான்றிதழுக்கான 14 வார, 560 மணிநேரப் பயிற்சி பிறகுதான்.

அங்கே யாழ்ப்பாணத்து அம்மம்மா ஒருவர் இருக்கிறார். தெரிந்த கொஞ்ச ஆங்கிலமும் மறந்துவிட்டது, பிங்கோவுக்குக் கூட்டிப்போனால் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். போன வியாழன், வேறு வேலைக்காக மேசையில் கொட்டியிருந்த சட்டைப் பொத்தான்களைத் தானாகவே கிட்ட இழுத்து, நாலு நாலாகப் பிரித்து வரிசையாக வைக்கத் தொடங்கினார். என்ன செய்கிறீர்கள் அம்மம்மா என்று கேட்டேன். "சோகி இல்லையோ பிள்ளை?" என்றார். சோகி என்றால் சோழி, பல்லாங்குழிக்குப் போடும் காய். அன்றுதான் என்னோடு முதன்முதலாகக் கதைத்தார்.

யாரிடமாவது பழைய பலகை இருந்தால் ஒரு மாதத்துக்குத் தருவீர்களா? குழி பெரிதாக இருந்தால் நல்லது, சின்னக் காய் என்றால் வாயில் போட்டுவிடுவார்களோ என்று பயம்.

அப்புறம், இந்தத் துறையில் வேலை செய்பவர்களிடம் ஒரு கேள்வி. "சந்தோஷமாக இருந்தார்" என்று எழுதினால் போதாது, அளக்கக்கூடிய இலக்கு வேண்டும் என்கிறார் மேற்பார்வையாளர், அது சரிதான். "ஒரு தடவை மட்டும் நினைவூட்டினால் 15 நிமிடம் விளையாட்டில் இருப்பார்" என்று எழுதியிருக்கிறேன். தொடக்கத்துக்கு இது கூடிப்போய்விட்டதா? வரும் வியாழனுக்கு முன் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.