2012 ஏப்ரல் 11 நிலநடுக்கம்: சென்னையில் மாடியில் ஆடியது, தரையில் ஆடவில்லை. உங்கள் அனுபவம்?

வேளச்சேரிவாசி:
அன்று புதன்கிழமை. மதியம் இரண்டு மணி தாண்டியிருக்கும். நுங்கம்பாக்கத்தில் எங்கள் ஆபீஸ் ஒன்பதாவது மாடி. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் தலை லேசாகச் சுற்றியது. பார்த்தால் கேனுக்குள் தண்ணீர் இப்படியும் அப்படியும் சாய்கிறது, பக்கத்து சீட்டுக்காரர் மேசையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். எல்லோரும் படிக்கட்டில் இறங்கி ஓடினோம். கீழே டீக்கடைக்காரர், "என்ன சார், ஃபயர் டிரில்லா?" என்றார். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை! அப்புறம் சுனாமி எச்சரிக்கை வந்தது, மெரினாவில் இருந்தவர்களைப் போலீஸ் வெளியேற்றியது, போன் லைனே கிடைக்கவில்லை. கடைசியில் அலை வரவில்லை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், "2004-இல் வந்தது, 2012-இல் மட்டும் ஏன் வரவில்லை?" என்கிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புவியியல் டீச்சர், திருவொற்றியூர்:
நான் அப்போது தரைத்தள வகுப்பறையில் இருந்தேன். எங்களுக்கும் எதுவும் ஆடவில்லை. அதிர்வு கிளம்பியது சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில், நம்மிடமிருந்து சுமார் 1,850 கி.மீ. தூரத்தில். படபடவென்ற வேகமான அதிர்வுகள் வழியிலேயே தேய்ந்துவிடும். மெதுவாக ஆட்டும் நீண்ட அலைகள்தான் இங்கே வரை வரும். உயரமான கட்டடங்கள் இயல்பிலேயே மெதுவாக ஆடுபவை என்பதால் அவற்றோடு சேர்ந்து ஆடிவிடும்.

மகளின் கேள்விக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26-இல் 9.1 அளவு. பூமியின் மேலோடு தட்டுகள் எனப்படும் பெரிய பாறைப் பாளங்களாக இருக்கிறது. அவற்றில் இந்தியத் தட்டு பர்மா தட்டுக்கு அடியில் செருகிக்கொண்டிருக்கும் இடத்தில், நெடுங்காலம் சேர்ந்த இறுக்கம் சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குப் பிளந்துகொண்டு விடுபட்டது. மேல் தட்டின் விளிம்பு எம்பியதும் கடல்தரையே உயர்ந்து, மேலே இருந்த தண்ணீரைத் தள்ளியது. காலை ஆறரைக்கு அதிர்வு, ஒன்பது மணி வாக்கில் இங்கே அலை.

2012-இல் 8.6. இது இரண்டு தட்டுகளின் எல்லையில் நடக்கவில்லை. கடலடித் தட்டுக்கு உள்ளேயே பிளவு விழுந்து பாறைகள் பக்கவாட்டில் நகர்ந்தன. மகளை அண்டாத் தண்ணீருக்குள் ஒரு சாப்பாட்டுத் தட்டைப் படுக்கவைத்து வெடுக்கென்று மேலே தூக்கச் சொல்லுங்கள், தண்ணீர் வழியும். அதையே பக்கவாட்டில் நகர்த்தினால் அவ்வளவு வழியாது. (பாத்ரூமில் செய்வது நல்லது.) அரைப் புள்ளி வித்தியாசம்தானே என்றும் நினைக்க வேண்டாம், வெளிப்படும் ஆற்றல் ஐந்து மடங்குக்கு மேல் வேறுபடும்.

எச்சரிக்கை விட்டது வீண் என்று அப்போது சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் சில நிமிடங்களில் அளவுதான் தெரியும், தரை எந்தப் பக்கம் நகர்ந்தது என்பது தெரியாது. ஐதராபாத்தில் இப்போதுள்ள எச்சரிக்கை மையம் 2004-இல் கிடையாது, 2007-இல்தான் வந்தது.

பெரம்பூர் அண்ணாச்சி:
எனக்கு நினைவிருப்பது வேறொரு நிலநடுக்கம்: 2001 செப்டம்பர் 25, ராத்திரி எட்டரை வாக்கில். புதுச்சேரிக்கு அப்பால் கடலில், 5.5 அளவு. பாத்திரங்கள் கடகடத்தன, தெருவே வெளியில் நின்றது. அடுத்த வருஷம் நில அதிர்வு வரைபடத்தில் வந்த திருத்தத்தில் சென்னையை இரண்டாம் நில அதிர்வு மண்டலத்திலிருந்து, ஆபத்து கொஞ்சம் கூடுதலான மூன்றாவதுக்கு மாற்றிவிட்டார்கள்.

டியூஷன் அக்கா, பல்லாவரம்:
எங்கள் பிள்ளைகளுக்கு ஒரே சந்தேகம், பறங்கிமலை எரிமலையா என்று. இல்லை. அது சார்னோகைட் பாறை, பூமிக்கு ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது, வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். நம் நாட்டில் இப்போதும் உயிரோடிருக்கும் எரிமலை அந்தமானில் உள்ள பாரன் தீவு மட்டும்தான். டீச்சர் சொன்ன அதே செருகலின் விளைவு அது. நீண்ட உறக்கத்துக்குப் பிறகு 1991-இல் வெடித்தது. இப்போது, "அங்கே டூர் போகலாமா அக்கா?" என்று நச்சரிக்கிறார்கள். அந்தமான் போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?